தெக்லாவின் பாவசங்கீர்த்தனம்

"சாமி, நான் சந்தோஷமா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு தெக்லா நிறுத்தினாள்.

பங்குச் சாமியார் கழுத்தில் ஊதாப் பட்டையோடு, அடுத்து வரப்போகும் பாவத்துக்காகக் குனிந்தபடி காத்திருந்தார். புதிதாகப் பட்டம் பெற்ற சின்ன வயசுக்காரர். தெக்லா கூட்டத்துக்குள் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், மாதத்துக்கு ஒருமுறை அவரே நற்கருணையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். வெளியே மழை சொட்டிக்கொண்டிருந்தது. சமையலறையில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள்.

"அவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதான். மார்பை எடுத்தாச்சு. தலையில முடி இல்ல. வாயெல்லாம் புண்ணு. பண்டிகை கழிஞ்சதும் ஸ்கேன் ரிப்போர்ட் வரும். இந்த நெலமையில ஒரு பொம்பள காலையில எழுந்ததும் இன்னிக்கு என்ன வேடிக்கையோன்னு நெனைக்கலாமா? நேத்து ஜெபமாலை நடுவுல சிரிச்சுட்டேன் சாமி. பிரார்த்தனையைத் தொடர முடியாம எழுந்து போகவேண்டியதாப் போச்சு."

சாமியார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் படித்த எந்தப் பாடத்திலும் இது வரவில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. "அது பாவமில்லம்மா" என்றார். "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்ல." பாவமன்னிப்பு கொடுப்பதா வேண்டாமா என்று தயங்கி, எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல் கொடுத்துவிட்டு, வேகமாக ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

தெக்லாவுக்கு மனம் ஆறவில்லை. ஜனவரியில் மார்பிலிருந்த கட்டிக்கு உடுப்பி டாக்டர் பெயர் சொன்ன அன்று அவள் தன் ஊரான சங்கரபுராவில் இறங்க மறந்து பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் தோளைத் தட்டிய பிறகுதான் கடைசி நிறுத்தம் என்று தெரிந்தது. அந்த வாரம் முழுக்கக் காதில் யாரோ பஞ்சு அடைத்ததுபோல் இருந்தது. மகள் ஜோவிட்டா பேசினால் உதடு அசைவதுதான் தெரியும். தோட்டத்து மல்லிகை பறிக்க ஆளில்லாமல் செடியிலேயே மலர்ந்து உதிர்ந்தது. அந்த வாசனை பட்டாலே அவளுக்குக் குமட்டியது. அப்படிப்பட்ட வீட்டுக்குள் சந்தோஷம் எந்த வழியாக நுழைந்தது என்று அவளுக்கே புரியவில்லை.

முதலில் கிரேசியன் வந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து குவைத்தில் ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டுகிறவர். விடுமுறைக்கு வருவார், பெட்டியைத் திறப்பார், பெட்டியைக் கட்டுவார். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த புருஷன். இந்தமுறை வந்தவர் திரும்பிப் போகவில்லை. அவருக்குத் தவளை என்றால் உயிர் போய்விடும் என்பதும், பூண்டு உரிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதும், பாட்டு தெரியாவிட்டாலும் எல்லாப் பாட்டையும் ஒரு அடி பிந்திப் பாடுவார் என்பதும் அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. முந்தின மாலை நடந்ததும் அவரால்தான். மாதா பிரார்த்தனையில் எல்லாரும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லிக்கொண்டிருக்க, தூங்கி வழிந்தவர் திடுக்கிட்டு "இதோ, வண்டிய எடுக்கறேன்" என்றார். முதலில் சிரித்தது தெக்லாகூட இல்லை. கன்னியாஸ்திரியான அவள் அக்கா செவரின்தான்.

செவரின் பள்ளிப் படிப்பு முடிந்ததும் மடத்தில் சேர்ந்தவள். ஜார்க்கண்டில் ஏதோ மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பிப்ரவரியில் இரண்டு வாரம் லீவு வாங்கிக்கொண்டு ஆபரேஷனுக்குத் துணையாக வந்தாள். இரண்டு வாரம் மழைக்காலம்வரை நீண்டது. மதர் சுப்பீரியர் இரக்கமுள்ளவர் என்று தெக்லா நினைத்துக்கொண்டாள். தெக்லா ஊசி மருந்து ஏற்றிக்கொண்டு வரும் நாட்களில் அவள் தலைமாட்டில் செவரின் பாத்திரம் ஏந்தி நிற்பாள். வாந்தி நின்றதும், "முடிஞ்சுதா, இல்ல மிச்சம் வச்சிருக்கியா?" என்பாள். கிரேசியன் வைக்கும் மீன்குழம்பை முகத்துக்கு நேரே பழிப்பாள், பிறகு இரண்டுமுறை ஊற்றிக்கொள்வாள். போன மாதம் தெக்லாவின் தலைக்கு மெத்தென்ற வெள்ளைத் துணியில் கட்டுத்துணிகள் தைத்துக் கொடுத்தாள். கடைத்துணி எல்லாம் உறுத்தும். இது உறுத்தவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், அக்கா இருப்பது தெக்லாவுக்கு ஒரு தைரியம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தாலுகா ஆபீசில் தெரிந்த ஆள் இருந்தால் போகும் காரியம் நடக்குமல்லவா, அதுபோலக் கடவுளிடம் நமக்கு உள்ளே ஆள் இருக்கிறது என்று நினைப்பாள். நாம் கேட்டுக் கொடுக்காவிட்டாலும் அக்கா கேட்டால் கொடுப்பார்.

மோன்தி பண்டிகைக்கு முந்தின நாள் மதியம். மாதாவின் பிறந்தநாளுக்குத் திறந்தவெளியில் புது நெற்கதிர் மந்திரிப்பார்கள். மரத்தடியில் தள்ளி நின்று பார்க்கலாம் என்று டாக்டர் அனுமதித்திருந்தார். வெளியே போகப்போகும் உற்சாகத்தில் தெக்லா இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, "அக்கா, உன் அங்கியைக் கொடு, மடிப்பு எடுத்துடறேன்" என்றாள்.

வீட்டு நைட்டியில் இருந்த செவரின் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அது இல்ல."

"எது இல்ல?"

"அங்கி."

"துவைக்கப் போட்டிருக்கியா?"

"உன் தலையில இருக்கு, தெக்கு."

தெக்லாவின் கை தானாகத் தலைக்குப் போனது. ஓரத்தில் விரலுக்குப் பழைய தையல் தட்டுப்பட்டது. பல வருஷம் துவைத்து நைந்த துணி. அவிழ்த்துக் கையில் எடுத்தாள். மந்திரித்துக் கொடுத்த உடுப்பு அது. தரையில் போட முடியாது, மேஜைமேல் கத்தியும் காய்த்தோலும் கிடந்தன. எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். தேங்காயோடு உள்ளே வந்த கிரேசியன், மனைவி மொட்டைத்தலையோடு அப்படி நிற்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மேலிடத்துலேர்ந்து உத்தரவு வந்துடுச்சு" என்றாள் செவரின். "போன மாசம். மே மாசமே கேட்டிருந்தேன். நான் இப்ப சிஸ்டர் இல்ல."

"என்னாலயா?"

"உன்னாலதான்னு சொன்னா நீ அந்தக் கவலையிலயே செத்துடுவே. இல்லன்னு சொன்னா அது பொய்."

"செத்துடுவேன்னெல்லாம் சொல்லாதீங்க" என்றார் கிரேசியன்.

"நீங்க போய்த் தேங்காயைத் துருவுங்க."

அவர் போகவில்லை. தெக்லாவுக்கு மறுபடியும் காதில் பஞ்சு அடைத்தது. குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது. "வார்த்தை கொடுத்தது ஆண்டவருக்கு. அதைப் போய்… இந்த நேரத்துல போய்… எனக்காகக் கேக்க இனிமே யாரு இருக்காக்கா?"

செவரின் கத்தியைக் கீழே வைத்தாள். "இங்க பாரு. உன்னை அடக்கம் பண்ணிட்டுத் திரும்பறதுக்குத்தான் நான் ரயில் ஏறினேன். மனசுல எல்லாம் முடிச்சுட்டேன், எந்தப் பாட்டு பாடறதுங்கற வரைக்கும். மே மாசம் மொத மழைக்கு இந்த மனுஷன் தவளைக்குப் பயந்து கட்டில்மேல ஏறி நின்னார் பாரு, அன்னிக்கு வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சேன். படுத்தப்புறம் எனக்கு வெலவெலத்துப்போச்சு. தங்கச்சிக்குப் புத்துநோய், அக்காக்காரி சிரிக்கிறா. இந்த வீட்டுல நான் சந்தோஷமா இருக்கேன்னு அப்பதான் தெரிஞ்சுது. அதுக்குப் பயந்த மாதிரி நான் எதுக்கும் பயந்ததில்ல."

"மடத்துல உங்கள யாராவது ஏதாவது…" என்று கிரேசியன் ஆரம்பித்தார்.

"தங்கமானவங்க. ஒரு குறையும் இல்ல. அங்க ஆண்டவருக்கு வேலை பாத்தேன். நல்லாத்தான் பாத்தேன். இங்க என்னடான்னா, அவர் பக்கத்துலயே உக்காந்து உப்பு தொட்டு மாங்கா திங்கற மாதிரி இருக்கு."

தெக்லா பின்பக்கம் போய் மல்லிகைச் செடிகளுக்கு நடுவே கல்லில் உட்கார்ந்தாள். துணி இன்னும் கையில்தான் இருந்தது. தூறல் மொட்டைத்தலையில் நேராக விழுந்தது. இத்தனை நாள் உள்ளே இருந்த ஆள் எழுந்து வெளியே வந்து, தன் வீட்டுச் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் இப்போது யாரும் இல்லை. பயம் பிடித்துக்கொண்டது. ஜெபம் சொல்லப் பார்த்தாள், வரவில்லை.

பயத்துக்கு நடுவே இன்னொன்று அவளைப் பிடித்து உலுக்கியது. யாருக்கும் தெரியக்கூடாது என்று தான் ஒளித்து ஒளித்து வைத்திருந்ததை, சாமியாரிடம் பாவமென்று சொல்லி அவரை ஓட வைத்ததை, அக்காவும் அதே மாதங்களில் அதே கூரையின் கீழ் ஒளித்து வைத்திருக்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு திருடிகள். அக்கா தன்னைவிடத் துணிந்தவள், வாய்விட்டுக் களவை ஒப்புக்கொண்டுவிட்டாள். கதவுக்கு வெளியேதான் கடவுளும் இருக்கிறாரோ என்னவோ. இந்த எண்ணம் வந்ததும் தெக்லா யாராவது கேட்டுவிட்டார்களா என்பதுபோல் சுற்றிலும் பார்த்தாள். உள்ளே கிரேசியன் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் அவள் அலமாரியைத் திறந்து நீலப் பட்டுச்சேலையை எடுத்து அக்காவின் மடியில் போட்டாள். பிறகு கண்ணாடி முன்னால் நின்று வெள்ளைத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டாள். செவரினுக்குச் சேலை கட்டத் தெரியவில்லை. வாயில் ஊசிகளைக் கவ்வியபடி ஜோவிட்டா அவளைச் சுற்றிச்சுற்றி வந்தாள். "பெரியம்மா, மூச்சை விடுங்க, ஊசி குத்தாது."

"மூச்சு விட்டா அவுந்துடும்டி."

கோயில் மைதானத்தில் கூட்டம் கூடியிருந்தது. சிறுபிள்ளைகள் கூடைகளில் பூவோடு வரிசையில் நின்றார்கள். இவர்கள் மரத்தடிக்குப் போய் நின்றார்கள். கழுத்துகள் திரும்பின. பக்கத்துத் தெரு ஹில்டா இரண்டடி முன்னால் வந்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டு போய்விட்டாள்.

"பாவம், தலைத்துணியப் பாக்கறதா சேலையப் பாக்கறதான்னு தெரியல அவங்களுக்கு" என்று செவரின் உதடு அசையாமல் சொன்னாள். தெக்லாவுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. இருமுவதுபோல் முகத்தை மூடிக்கொண்டாள். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே அந்தப் பக்கம் வந்தார். இருவரையும் பார்த்தார். தீர்த்தக்குச்சியைத் தொட்டியில் நன்றாக முக்கி அவர்கள்மேல் பலமாக உதறினார்.

பூசை முடிந்து கதிர் கொடுத்தார்கள். ஆளுக்கொரு கதிர், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை. கோயில் சங்கத்துக்காரர் கூடையோடு வந்து, "மூணுதானே, தெக்லாம்மா?" என்று எண்ண ஆரம்பித்தார்.

"நாலு."

அவர் செவரினைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். "இவங்க…"

"நாலு" என்றாள் தெக்லா.

அவர் இன்னொன்றை எடுத்து வைத்தார். பச்சை மாறாத கதிர்கள், பால் பிடித்த மணிகள். தெக்லா வாங்கி, மார்பில் தட்டையாக இருந்த பக்கத்தில் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மரத்துப்போயிருந்ததால் சுணை குத்துவது தெரியவில்லை. பிள்ளைகள் மாதாவை நோக்கிப் பூவை வீசத் தொடங்கினார்கள். காற்று திரும்பி, பூவில் பாதி மரத்தடிப் பக்கம் வந்தது. செவரின் ஒரு கையில் அவிழப்போகும் கொசுவத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தங்கையின் தலையில் ஒட்டியிருந்த சாமந்தி இதழை எடுக்க வந்தாள். எடுக்கவில்லை. அடுத்த கைப்பிடிப் பூ அதன்மேலேயே வந்து விழுந்தது.