பின்கண்ணாடியில் ஒட்டிய தாள்

பள்ளி வேன் ஓட்டுவதால் தெருவே ‘வேன் அக்கா’ என்று கூப்பிடும் அவளுக்கு, ஆறு நாளாக ரிவர்ஸ் கியர் என்றாலே பயம். போன வாரம் பள்ளி வாசலில் வண்டியைப் பின்னால் எடுத்தபோது ஒரு புத்தகப்பை சக்கரத்தில் நசுங்கியது. பைக்குச் சொந்தக்காரியான ஏழு வயதுச் சிறுமி, உருண்டோடிய பென்சிலை எடுக்க அப்போதுதான் நகர்ந்திருந்தாள். யாரும் அக்காவைத் திட்டவில்லை. அவள்தான் தன்னைச் சும்மா விடவில்லை. வண்டியைத் திருப்ப வேண்டிய இடத்திலெல்லாம் மூன்று தெரு சுற்றி வந்தாள். இப்படியே போனால் வேனை விற்றுவிட வேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் நாத்தனார், பின்னால் இருப்பதைக் காட்டும்படி வேனின் பின்கண்ணாடியில் ஒட்டுகிற லென்ஸ் தாள் ஒன்று வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தாள். அக்காவுக்குப் பொறுமை ஏது? புத்தகக் கடையில் வட்ட வட்டமாக வரி ஓடிய ஒரு தாளைப் பார்த்ததும் வாங்கி ஒட்டிவிட்டாள். இருக்கையில் ஏறித் திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தால், பின்னால் ஒருவன் தலைகீழாகச் சைக்கிள் மிதித்துப் போகிறான்.

சாயங்காலம் வந்த நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இது பொடி எழுத்து படிக்கிற தாள், அண்ணி. கிட்ட வச்சா பெருசாக் காட்டும். தள்ளிப்போனா எல்லாத்தையும் கவுத்துடும்.”

அக்கா அதைப் பிய்த்து, வரிகளை நகத்தால் வருடிப் பார்த்தாள். “பூதக்கண்ணாடின்னா நடுவுல தொப்பை இருக்குமே. இது அப்பளமாட்டம் இருக்கு. எப்படி வேலை செய்யுது?”

“தொப்பைக்கு வேலையே இல்ல அண்ணி. வெளிச்சம் திரும்புறது மேல இருக்கிற வளைவுலதான், உள்ள இருக்கிறது வெறும் கனம். அதனால வளைவை மட்டும் வளையம் வளையமா நறுக்கித் தட்டையா அடுக்கிட்டாங்க. கலங்கரை விளக்குலகூட இதே வித்தைதான்.”

“உங்கண்ணன் தொப்பையையும் இப்படி நறுக்க முடியுமான்னு உங்க கடையில கேட்டுச் சொல்லு.”

நாத்தனார் பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தாள். இதில் வரிகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்குமாம். பொருளைச் சின்னதாக்கி, கண்ணுக்கு எட்டாத இடத்தையும் சேர்த்துக் காட்டுமாம். தண்ணீர் தெளித்து ஒட்டினார்கள். அக்கா ஏறி உட்கார்ந்தாள். தெரு நிமிர்ந்து நின்றது. நாத்தனாரை மட்டும் காணோம்.

“எங்கடி போன?”

“இங்கதான். கீழ பாருங்க.”

தாளின் அடிப்பக்கத்தில் பம்பரை ஒட்டிக் குத்துக்காலிட்டு, விரல்கடை உயரத்தில் நாத்தனார் தெரிந்தாள். அந்தப் பை கிடந்ததும் அங்கேதான். பென்சிலுக்குக் குனிந்த ஏழு வயதுப் பிள்ளை எவ்வளவு உயரம் இருக்கும் என்று அக்கா இப்போதுதான் கண்ணால் கண்டாள். ஆறு நாளாக வராத அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழட்டும் என்று நாத்தனாரும் எழாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தாளின் நாலு மூலையையும் நிதானமாகப் பார்த்தாள்.

“எந்திரிச்சுத் தள்ளி நில்லு. வண்டியைப் பின்னால எடுக்கப்போறேன்.”