மயிரிழைப் பிசகு

முதல் சுரம் மட்டும் ஒன்று சேரவே இல்லை. அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கனத்த குரலுள்ள பெரிய வயலினான செல்லோவில் அவள் தொடங்கும் அந்த ஒரு இடத்தில் மட்டும் மற்ற மூவரும் மயிரிழை பிந்தி, ஆளுக்கொரு பக்கமாக வந்து விழுந்தார்கள்.

அவளும் அண்ணனும் படித்த பள்ளிக்கூடம் அது. இன்னும் சற்று நேரத்தில் பிள்ளைகள் கச்சேரி கேட்கக் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். அண்ணன் முதல் வயலின், அண்ணி இரண்டாவது. வயலினைவிடச் சற்றே பெரிய வியோலாவை வாசிப்பவர் அதிகம் வாய் திறக்காததால் அவருக்குச் சாமியார் என்று பெயர். எதிரொலிதான் காரணமென்று திரைச்சீலைகளை இழுத்து மூடிப் பார்த்தார்கள். நாற்காலிகளை நெருக்கிப் போட்டார்கள். பிசகு அப்படியே இருந்தது.

"இவள செல்லோ எடுக்க வச்சதே இந்த மேடையிலதான்," என்றான் அண்ணன். "எனக்கு அடியில தாங்கிப் பிடிக்க ஒரு ஆளு தேவைப்பட்டுச்சு."

"தங்கச்சிய தூணாக்கின கதைய இன்னிக்காவது விடுங்களேன்," என்றாள் அண்ணி.

"ஏன் விடணும்? அடுத்த மாசத்துலருந்து இன்னும் பத்து ஸ்கூல்ல போய்ச் சொல்லப்போறேன். இது முதல் ஸ்கூல்தானே."

அவள் சுத்தமாக இருந்த கம்பியைத் திரும்பவும் துடைத்தாள். தூரத்து ஊரில் ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ராவில் சேர ஒப்புக்கொண்டிருந்தாள். இவர்கள் யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கு இது முதல் பள்ளிக்கூடம், அவளுக்குக் கடைசி. இன்று ஒரு நாள் அவன் சந்தோஷமாக வாசித்துவிட்டுப் போகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுபடி தொடங்கினாள். மறுபடி பிசகு.

சாமியார் வில்லைக் கம்பியிலிருந்து எடுத்தார். "நீ மூச்சே இழுக்கலம்மா."

நால்வர் குழுவில் கோல் ஆட்டி நடத்த ஆள் கிடையாது. தொடங்குகிறவர் நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்து மூச்சை இழுப்பார். அந்த மூச்சின் நீளம்தான் பாட்டின் வேகம். அது முடிகிற இடத்தில் எல்லா வில்லும் கம்பியில் இறங்கும். அவளோ காலையிலிருந்து அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல், தலையைக் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டே வாசித்திருக்கிறாள்.

"அண்ணா, அடுத்த மாசம் நான் குழுவ விட்டுப் போறேன். ஆர்கெஸ்ட்ராவுல இடம் கிடைச்சிருக்கு."

அண்ணன் வயலினை மடியில் வைத்தான். "பத்து ஸ்கூல்னு நான் வாய் ஓயாம சொல்லிட்டிருந்தப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவு திறந்து பிள்ளைகள் வரத் தொடங்கிவிட்டார்கள். சலசலவென்று தரையில் உட்கார்ந்தார்கள். அண்ணன் வயலினைத் தோளில் ஏற்றி, சுரத்தாளைப் பார்த்தபடியே "ஆரம்பி" என்றான்.

கூடம் அடங்கியும் அவள் தொடங்கவில்லை. அவன் நிமிரும்வரை காத்திருந்தாள். நிமிர்ந்தான். அவன் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல், பாட்டின் வேகத்துக்கு அளந்து ஒரு மூச்சை இழுத்தாள். நான்கு வில்லும் ஒன்றாக இறங்கின.