செட்டு போடத் தேவையில்லாத வீடு

கேளம்பாக்கத்தில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாவது மாடிக்கு விஜயகுமாரி குடிவந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. சொந்த ஊர் படாளம். செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலை. அம்மாவும் தானுமாக இருக்கலாம் என்றுதான் இரண்டு படுக்கையறை வீடாகப் பார்த்து வாங்கினாள். சாவி கைக்கு வர இரண்டு மாதம் இருக்கும்போது அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்யாணப் பேச்செல்லாம் எப்போதோ ஓய்ந்துபோயிருந்தது. ஒரு கட்டில், ஒரு பீரோ, இரண்டு பை பாத்திரத்தோடு அவள் மட்டும் லிஃப்டில் ஏறி வந்தாள்.

கட்டடத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மீதியில் இருந்தவர்கள் கம்பெனி வேலைக்காரர்கள். காதில் வயர் மாட்டிக்கொண்டு லிஃப்டில் எண்களைப் பார்த்தபடி நிற்பார்கள். படாளத்தில் இருக்கும் தம்பி மோகன் பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவான். அதுவும், "இன்னாக்கா, நல்லா கீறியா?" என்று கேட்டு, பதில் முடிவதற்குள் போனைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜெபசிங் அவள் வீட்டு மணியை அடித்தான். செய்யூர்ப் பக்கத்துப் பையன், இருபத்தெட்டு வயது, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. சேர்த்து வைத்த லீவை எல்லாம் போட்டுப் படம் எடுக்கக் கிளம்பியிருந்தவன், அதற்கு வீடு தேடி வந்திருந்தான். கூடவே கேமராக்காரப் பெண் ரேணுகா, இன்னும் இரண்டு பேர்.

"ஒம்போது நாளு மேடம். காலைல எட்டுலேந்து சாய்ந்தரம் அஞ்சு வரைக்கும்தான். ஒரு பொருளக்கூட நகத்த மாட்டோம்" என்றான்.

அவள் டீ போட உள்ளே போனாள். அவன் கூடத்தையும் அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு ரேணுகாவிடம் சொன்னது அடுப்படிவரை கேட்டது.

"செட்டே போடத் தேவையில்ல. யாருமே வாழாத வூடு மாதிரி கீது. சூப்பரு."

சந்தோஷத்தோடுதான் சொன்னான். விஜயகுமாரி பாலைப் பார்த்தபடி நின்றாள். பால் பொங்கி வழிந்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள். இவர்களை வெளியே போகச் சொல்ல வேண்டும் என்று தட்டை எடுத்துக்கொண்டு வந்தவள் வாசலைப் பார்த்தாள். நிலைப்படியோரம் நான்கு ஜோடிச் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அந்த வாசலில் அப்படி ஒரு காட்சியை அவள் பார்த்ததே இல்லை.

"டீ ஆறிடப் போவுது, எடுத்துக்கங்க. எப்போலேந்து வரீங்க?" என்றாள்.

அலுவலகத்தில் ஒன்பது நாள் லீவு கேட்டபோது சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "இன்னாம்மா விசேஷம்?"

"வூட்டுக்கு ஆளுங்க வராங்க சார்" என்றாள். சொல்லும்போதே அவளுக்குப் பெருமையாக இருந்தது.

படத்தின் பெயர் 'போலி வானம்'. கதையை ஜெபசிங் அவளுக்கு முதல் நாளே சொல்லிவிட்டான். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவனுக்குத் தான் வாழும் உலகமே பொய்யோ என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

"நாம பாக்கறது, தொடறது எல்லாமே யாரோ கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சதுக்கா. எதுவுமே நெசம் இல்ல." அரை நாளிலேயே மேடம் அக்காவாகியிருந்தாள்.

"எனக்கு முட்டி வலிக்குதே, அது?"

"அதயும் எழுதி வெச்சிருக்காங்க."

"எழுதுனவன் நல்லா இருக்கட்டும்" என்றாள் விஜயகுமாரி. ரேணுகா கேமராவை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

கையில் காசில்லாதவர்கள் பொய்யுலகம் படைப்பது எப்படி என்று அவள் அந்த நாட்களில் பார்த்தாள். எல்லா மாடியும் ஒரே மாதிரி இருப்பதால் ஒரே தளத்தில் எடுத்துவிட்டு இருபது தளம் என்று காட்டினார்கள். ஆகாயத்தில் கோளாறு வருவதைக் காட்ட, ஜன்னலில் அவளுடைய மெல்லிய நீலச் சேலையைக் கட்டி டார்ச் அடித்தார்கள். மாமல்லபுரம் பக்கம் சவுக்குத்தோப்பை ஒட்டிய கடற்கரைக்கு ஒருநாள் போய் அலைகளை எடுத்து வந்தார்கள். அதைப் பின்னோக்கி ஓட்டினால் அதுதான் உலகத்தின் எல்லையாம்.

கதாநாயகன் கேசவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கம்பெனி ஆட்களை ஏற்றிச் செல்லும் கார் ஓட்டுகிறவர். நடிப்பு ஆசை மட்டும் அவரை விடவில்லை. மனைவியாக நடிக்க வந்த பெண் இரண்டாம் நாள் மதியமே டிவி சீரியலில் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டாள். ஜெபசிங் தலையில் கைவைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தான். அரை மணி கழித்து எழுந்து வந்தான்.

"பொண்டாட்டிய காட்டவே வேணாம். அடுப்படிலேந்து கொரல் மட்டும் வரட்டும். அக்கா, நீங்க சொல்லுங்க."

"நானா? எனக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். 'ஏங்க, சாப்ட வாங்க, ஆறிப் போவுது.' அவ்ளோதான்."

அவள் அடுப்படியில் நின்று சொன்னாள். முதல் முறை குரலே எழும்பவில்லை. இரண்டாவது முறை அலுவலகத்தில் டோக்கன் எண் கூப்பிடுவது போல இருந்தது. ஐந்தாவது, ஆறாவது என்று போனது. பதினான்கு முறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் கூடத்திலிருந்து கேசவன், "தோ, வந்துட்டேன்" என்றார். பதினோராவது முறையிலிருந்து அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னாள். "ஓகே" என்று ஜெபசிங் கத்தியபோது, இன்னொரு முறை கேட்க மாட்டானா என்று இருந்தது.

அதற்குப் பிறகு அவளே சமைக்கத் தொடங்கினாள். ஆறு பேருக்குக் குழம்பு எவ்வளவு வைப்பது என்று கணக்குத் தெரியாமல் முதல் நாள் பாதி மிஞ்சியது. கேசவன் தட்டை வழித்துவிட்டு, "எங்க வூட்ல ஆளாளுக்கு ஒரு நேரம் துன்றோம் அக்கா. இப்டி கூப்ட்டு யாரும் போட்றது கெடயாது" என்றார்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் மூட்டை கட்டினார்கள். சொன்னபடியே ஒரு பொருளும் நகர்ந்திருக்கவில்லை. லிஃப்ட் கீழே இறங்கிய சத்தம் அடங்கியதும் அவள் கூடத்தில் நின்றாள். எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. அடுத்த நாள் லீவு மீதமில்லாததால் வேலைக்குப் போனது நல்லதாகப் போயிற்று.

நான்கு மாதம் கழித்து மாமல்லபுரத்தில் சின்னப் படங்களுக்கென்று நடந்த விழாவில் 'போலி வானம்' திரையிடப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, ஒரு விடுதியின் கூட்ட அறை, அறுபது நாற்காலி. விஜயகுமாரி புதுச் சேலை கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். கேசவன் தன் மனைவியோடும் இரண்டு மகள்களோடும் முன் வரிசையில் இருந்தார். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

படம் நன்றாகத்தான் இருந்தது. தன் வீட்டு ஜன்னலை அவ்வளவு பெரிதாகப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. பாதிப் படத்தில் கேசவன் அடுப்படிக்குள் நுழைந்து, முதுகைக் காட்டியபடி, பாத்திரம் கழுவும் தொட்டியைக் குனிந்து பார்க்கிறார். அவள் பால் வாங்கக் கீழே போயிருந்த சமயத்தில் எடுத்த காட்சி போலிருக்கிறது. அதுவரை அவளுக்குத் தெரியாது.

"ஒரே ஒரு டம்ளர் ஈரமா கீது. ஒரே ஒரு தட்டு. ஒரு ஜோடி செருப்பு. இத எழுதுனவன் சோம்பேறிடா. இது வூடே இல்ல, வூடு மாதிரி ஒண்ணு."

அறை முழுக்கச் சிரித்தது. சிலர் கைதட்டினார்கள்.

அந்த டம்ளர் அவளுடையது. அன்று காலை காபி குடித்துக் கழுவி வைத்தது. அவள் தன் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், யாரோ பார்த்துவிடுவார்கள் என்பது போல.

கடைசிக் காட்சியில் ஏஜென்டுக்கு வெளியேறும் வழி தெரிந்துவிடுகிறது. கதவின் பிடியில் கை வைக்கிறான். உள்ளேயிருந்து அவள் குரல்: "ஏங்க, சாப்ட வாங்க, ஆறிப் போவுது." அறையில் ஓர் இருமல்கூட இல்லை. அவன் கையை எடுத்துக்கொள்கிறான். "தோ, வந்துட்டேன்."

விளக்கு போட்டதும், அந்தக் குரல் யாருடையது என்று ஒருவர் எழுந்து கேட்டார். ஜெபசிங் கடைசி வரிசையைக் காட்டினான். அறுபது தலைகள் திரும்பின, எல்லாரும் கைதட்டினார்கள். சற்று முன் சிரித்த அதே முகங்கள். அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, விடுதியின் பின்பக்க வழியாகக் கடற்கரைக்குப் போய் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஜெபசிங் தேடி வந்தான். "இன்னாக்கா, சொல்லாம வந்துட்டீங்க? எல்லாரும் உங்களத்தான் கேக்கறாங்க."

"அந்த டம்ளரு என்னுதுப்பா."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மணலில் அப்படியே உட்கார்ந்தான். "அக்கா... நான் அப்டி நெனச்சி எழுதலக்கா. சத்தியமா."

"தெரியும். நீ கண்ணால பாத்தத எழுதிகீற. அது தப்பில்ல." ஓர் அலை வந்து போனது. "ஆனா அத பாத்துட்டு பொய்யின்றியே, அதான் தப்பு. ஒரு டம்ளரு ஈரமா இருந்தா, அங்க ஒரு ஆளு கீதுன்னு அர்த்தம். காலைல எழுந்து, காபி போட்டு, குடிச்சி, கழுவி வெச்சிட்டுப் போயிருக்கு. அது வூடுதான்."

சாப்பாடு இருக்கிறது என்று அவன் கூப்பிட்டபோது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டாள். உண்மையில் அவளுக்கு எந்த பஸ்ஸுக்கும் அவசரம் இல்லை.

மூன்று நாள் கழித்து ஜெபசிங் போன் பண்ணினான். அந்தக் காட்சியில் கேசவனின் முதுகுதான் தெரிகிறது, வாய் தெரியவில்லை. அதனால் வசனத்தை மட்டும் மாற்றிவிடலாம். ஆனால் குரல் அதே அறையில் பதிந்தால்தான் பொருந்தும். வரலாமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபசிங்கும் கேசவனும் ரேணுகாவும் வந்தார்கள். மைக்கைத் தொட்டிக்கு மேலே பிடித்தார்கள். இந்த முறை விஜயகுமாரி பால் வாங்கப் போகவில்லை. அடுப்படி வாசலில் நின்று கேட்டாள்.

"ஒரே ஒரு டம்ளர் ஈரமா கீது" என்று தொடங்கிய கேசவன் நிறுத்தினார். எதிரே நிற்கும் அவளைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் முடித்தார். "அப்ப இங்க யாரோ கீறாங்க."

ஒரே டேக்கில் ஓகே ஆனது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். கேசவனுக்கு விமான நிலையத்துக்கு ஒரு சவாரி இருந்தது.

படத்தை இணையத்தில் போட்டார்கள். ஐயாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள். ஜெபசிங்கைக் கம்பெனி பெங்களூருக்கு மாற்றியது. படக்குழுவின் வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாள் பேச்சு ஓடியது. பிறகு பண்டிகை வாழ்த்துகள் மட்டும். பிறகு அதுவும் நின்றது. விஜயகுமாரி வழக்கம்போல ஏழு மணி பஸ் பிடித்துச் செங்கல்பட்டு போய்வந்தாள். குழுவிலிருந்து மட்டும் அவள் வெளியேறவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், எழுதுவதும் அழிப்பதுமாக அரை மணி நேரம் போக்கிவிட்டு, ஒரு வரி அனுப்பினாள். 'நாளைக்கு வீட்டில்தான் இருப்பேன். இந்தப் பக்கம் யாராவது வந்தால் வாருங்கள்.'

கேசவன் கும்பிடும் கை ஒன்றைப் போட்டார். மற்றவர்கள் பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. அனுப்பியிருக்கவே கூடாது என்று அவள் போனைப் பீரோவுக்குள் வைத்துவிட்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு மணி அடித்தது. ரேணுகா நின்றிருந்தாள். தோளில் கேமரா இல்லை. இரண்டு கையிலும் அழுக்குத் துணி மூட்டை.

"நான் ரெண்டு தெரு தள்ளித்தான் தனியா ரூம் எடுத்து கீறேன்கா. வாஷிங் மெஷின் ரிப்பேரு. உங்க மெஷின்ல போட்டுக்கலாமா?"

துணி துவைய ஒன்றேகால் மணி நேரம் ஆனது. இருவரும் கூடத்தில் உட்கார்ந்து, அதிகம் பேசாமல், மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இடையில் ஒருமுறை ரேணுகா சோபாவில் சாய்ந்தபடியே தூங்கிப் போனாள். விஜயகுமாரி எழுந்து, சத்தம் போடாமல், ஃபேனை ஒரு புள்ளி கூட்டி வைத்தாள்.