இரண்டாம் தட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை. அன்று ஆய்வகத்தில் வழுக்கை என்று நாங்கள் கூப்பிடும் சக ஊழியரின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தியபோது எனக்குத் துளியும் வெட்கமாக இல்லை. பத்து வருஷமாக என் பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் மனுஷன் அவர்.

எங்கள் வேலை, வேப் என்கிற மின்சிகரெட்டில் ஊற்றும் திரவத்தைத் தவளைக் கருக்கள் வளரும் தண்ணீரில் கலந்து என்ன ஆகிறதென்று பார்ப்பது. மூன்று தட்டுகள். முதலாவதில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் நிக்கோடின் இல்லாத இலவங்கப்பட்டை வாசனைத் திரவம். மூன்றாவதில் அதே திரவம், நிக்கோடினோடு. கெட்டால் மூன்றாவதுதான் கெடும், இரண்டாவது சும்மா ஒப்பிட்டுப் பார்க்க என்று எல்லோரும் முன்கூட்டியே முடிவு கட்டியிருந்தோம். பெரிய மேதாவிகள்!

மைக்ரோஸ்கோப்பில் குனிந்தேன். மூன்றாம் தட்டில் குஞ்சுகளின் முகம் நடுவில் பிளந்திருந்தது. இரண்டாவதிலும் அப்படியே, தையல் விட்ட பை மாதிரி.

"ரெண்டுலயும் நிக்கோடின ஊத்திட்டீங்களா? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்தி ஓர் அறை விட்டேன். அவர் கண்ணாடி தெறித்து உடைந்தது.

"அடிப்பாவி, ஊத்தினது நீம்மா! பதிவேட்டப் பாரு, உன் கையெழுத்துதான்!"

பார்த்தேன். என் கையெழுத்துதான். நான் சரியாகத்தான் ஊற்றியிருந்தேன். அப்படியானால் முகத்தைப் பிளந்தது நிக்கோடின் இல்லை, அந்த வாசனைத் திரவம்தான்.

என் தங்கைக்கு அது ஒன்பதாவது வாரம். கரு உறுதியான அன்றே போன் செய்து கேட்டாள், நிக்கோடின் இல்லாத வேப் இழுக்கலாமா என்று. "அது வெறும் வாசனைத் தண்ணிடி, இழுத்துக்கோ," என்றேன். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்லிவிட்டேன்.

ஆய்வகக் கோட்டைக்கூடக் கழற்றாமல் தங்கை வீட்டுக்கு ஓடினேன். மூன்று மாடி ஏறிக் கதவைத் தள்ளினால், மகாராணி சோபாவில் சாய்ந்து புகை விட்டுக்கொண்டிருந்தாள். பாய்ந்து தட்டிவிட்டேன். வேப் தெறித்து விழுந்ததில் அவள் உதடும் கிழிந்தது. மேஜையில் இருந்த திரவக் குப்பிகளைத் தரையில் போட்டுச் செருப்புக்காலால் நசுக்கினேன். வீடெல்லாம் பட்டை வாசனை.

துணி தேய்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் ஓடிவந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்.

"புள்ளத்தாச்சிய அடிக்கிறீங்களே, பைத்தியமா அண்ணி உங்களுக்கு?"

"விடுங்க மாப்ள!"

விடவில்லை. கைக்கு இஸ்திரிப்பெட்டி அகப்பட்டது. வீசினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சரிந்தார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது, உள்ளங்கையில் ஒரு பல் கிடந்தது.

தங்கை அழவில்லை. "என்னக்கா பார்த்த?" என்றாள்.

தட்டில் பார்த்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கை வயிற்றுக்குப் போனது.

"மூஞ்சி எத்தனாவது வாரத்துல கூடும்?"

"உதடு ஏழுக்குள்ள கூடிரும். அண்ணத்துக்கு இன்னும் நாள் இருக்கு."

"ஏழு போயிடுச்சே."

"தவளைக்கு வந்தா மனுஷங்களுக்கும் வரும்னு இல்லடி. யாருக்கும் நிச்சயமாத் தெரியாது," என்றேன்.

"தெரியாதா? அப்ப எதுக்கு என் புருஷன் பல்ல உடைச்ச?"

அவள் எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். அப்புறம் கையை மூடிக் குத்த ஆரம்பித்தாள், மூக்கில், வாயில், கண்ட இடத்தில். மாப்பிள்ளை தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்துத் தடுத்தார்.

"உன்னக் கேட்டுத்தானக்கா இழுத்தேன்," என்றாள் ஒவ்வொரு குத்துக்கும். "உன்னக் கேட்டுத்தான."

நான் கையை உயர்த்தவில்லை. அவள் ஓய்ந்து உட்காரும்வரை முகத்தைக் காட்டிக்கொண்டே நின்றேன்.