தண்ணீர் இல்லாத குளத்தில் நீந்தியவள்

பள்ளி விடுமுறையின் ஒன்பதாம் நாள் காலை பத்தேகால் மணிக்கு, டைல்ஸ் மேஸ்திரியின் மகள், சொட்டுத் தண்ணீர் இல்லாத நீச்சல் குளத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நீந்திக் கடந்தாள். இருபத்தைந்து மீட்டர், நாற்பத்து மூன்று விநாடி. அவளுக்கு நேர் கீழே மேஸ்திரி முட்டி போட்டு ஏழாவது வரிசையை ஒட்டிக்கொண்டிருந்தார். முதுகின் மேல் ஒரு நிழல் போனது. காக்கை என்று நினைத்து அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கரையில் நின்ற பயிற்சியாளர்தான் கடிகாரத்தை நிறுத்தி, நேரத்தை நோட்டில் எழுதிவிட்டு, முழங்கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார்.

குளம் ஏன் காலியாக இருந்தது என்றால், விடுமுறைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை விடுமுறை விட்ட அன்றுதான் ஆரம்பமானது, அவ்வளவுதான். வேறொருவராக இருந்தால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். இந்தப் பயிற்சியாளர் தூங்கும்போதும் விசிலைக் கழற்றாதவர், அதனால் ஊரே அவரை விசில் என்றுதான் கூப்பிடும். அவர் கரையோரம் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, நீச்சல் அணிப் பிள்ளைகளைக் குப்புறப் படுக்க வைத்து, கை வீசு, கால் உதை, மூன்றாவது வீச்சுக்கு முகத்தைத் திருப்பி மூச்சு எடு என்று காலை எட்டு மணியிலிருந்து பிழிந்து எடுத்தார். மற்ற பிள்ளைகளுக்கு வயிறு சிராய்த்ததுதான் மிச்சம். மேஸ்திரி மகள் மட்டும் பெஞ்சை விட்டுக் கிளம்பிவிட்டாள். இரண்டு நாள் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள், ஆழம் குறைந்த பக்கத்தில் வேலை செய்தவர்கள் அவள் வரும் நேரம் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்ளப் பழகிவிட்டார்கள்.

மேஸ்திரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காரணம் இருக்கிறது. போன விடுமுறையில், தண்ணீர் நிறைந்திருந்த இதே குளத்தில், அவள் இரண்டு முறை கல்லைப் போட்டதுபோல் நேரே அடிக்குப் போனாள். இரண்டு முறையும் நீளக் கழியை விட்டுத்தான் மேலே கொண்டுவந்தார்கள். இரண்டாவது முறை மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் திறப்பதற்குள் செத்துப் பிழைத்தார். பத்து வயதுப் பெண்கள் அணியில் மொத்தமே நாலு பேர், தொடர் நீச்சலுக்கும் நாலு பேர் வேண்டும் என்பதால்தான் விசில் அவளை விட்டுவைத்திருந்தார். விடுமுறையின் கடைசி ஞாயிறு இதே குளத்தில் போட்டி. குளத்தில் தண்ணீர் வந்தால் மகள் மூழ்குவாள் என்பதில் மேஸ்திரிக்குச் சந்தேகமே இல்லை. தண்ணீரை வரவிடாமல் நிறுத்தக்கூடிய ஒரே ஆள் தாம்தான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இருபது வருடத் தொழிலில் வேலையை இழுத்தடிக்கிறார் என்று யாரும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. இப்போது இழுத்தார். ஒட்டிய டைலை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது வழக்கம். அடியில் கலவை பிடிக்காதது காலிக் குடம்போலச் சத்தம் கொடுக்கும். அதைப் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். மேஸ்திரி தினமும் தட்டினார், தினமும் முப்பது நாற்பதைக் காலி என்று சொல்லி உளியை எடுத்தார். கூட வேலை செய்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மேஸ்திரிக்குக் காது போய்விட்டது என்று முடிவுகட்டினார்கள். குளத்தை ஒப்படைக்க வேண்டிய தேதி வந்தது, போனது. நீச்சல் குளத்து மேலாளர் வந்து தொண்டை வற்றக் கத்திவிட்டுப் போனார். மேலே மகள் போய்வந்துகொண்டிருந்தாள், நாற்பத்தொரு விநாடி, அப்புறம் நாற்பது. அணியின் மற்ற மூன்று பெண்களும் பெஞ்சிலேயே கிடந்தார்கள்.

நாலாவது வாரத்தில் ஒரு நாள் அவள் பாதி வழியில் நின்றாள், அதாவது அந்தரத்தில் நின்றாள். கீழே அப்பா ஒரு டைலைத் தட்டிவிட்டு அதன் ஓரத்தில் உளியை வைத்திருந்தார்.

“அப்பா, அது நல்லாத்தானே இருக்கு.”

“உனக்கு என்ன தெரியும்? அடியில காலி.”

“இத்தனை நாளா மேலேர்ந்து இதைத்தானே கேட்டுட்டிருக்கேன். காலியா இருந்தா வேற மாதிரி கேக்கும். நீங்க பொய் சொல்றீங்க.”

மேஸ்திரி உளியைக் கீழே போட்டார். “தண்ணி வந்தா நீ உள்ள போயிடுவ, பாப்பா. இன்னொரு தடவை அதை என்னால பாக்க முடியாது.”

“அப்போ அவங்க மூணு பேரும் எப்பதான் நீந்துறது? எனக்காகப் பெஞ்சுலயே கெடக்கணுமா? போனா நாலு பேரும் போகணும்ப்பா. முடிச்சிடுங்க.”

அவருக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. வெட்கம்தான் அதிகம். மூன்று நாளில் வேலையை முடித்தார். கலவை காய ஒரு வாரம், தண்ணீர் நிரம்ப இரண்டு நாள். மிச்சமிருந்த நாட்களில் விசில் மற்ற மூவரையும் தண்ணீரில் இறக்கி வாட்டி எடுத்தார். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளை மட்டும் இறக்கவில்லை. அவள் பெஞ்சில் படுத்துக் கைகளை வீசினாள். குளம் நிறைந்தபிறகு பெஞ்சை விட்டு ஒரு விரல்கூட எழும்ப முடியவில்லை.

போட்டியில் மூன்றாவதாக நீந்த வேண்டியவள் அவள். குதித்தாள், நேரே அடிக்குப் போனாள். மேஸ்திரி செருப்போடு ஓடிக் கழியைக் கையில் எடுத்துவிட்டார். விசில் அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, “கீழ பாருங்க” என்றார். தரைக்கு ஒரு சாண் மேலே அவள் நீந்திக்கொண்டிருந்தாள். மூன்றாவது வீச்சுக்கு முகத்தைத் திருப்பினாள், மூச்சும் கிடைத்ததாகத்தான் தெரிந்தது. முப்பத்தொன்பதாவது விநாடியில் அந்தக் கரைச் சுவரைத் தொட்டாள், நாலாவது பெண் பாய்ந்தாள். நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தரையில் கால் ஊன்றக் கூடாது என்று இருந்தது, அவள் ஊன்றவில்லை. சுவரைத் தொட வேண்டும் என்று இருந்தது, தொட்டிருந்தாள். ஐந்து அணிகளில் நாலாவது இடம் என்று அறிவித்தார்.

அவள் ஏணி வழியே ஏறி வந்தபோது ஒரு முடிகூட நனைந்திருக்கவில்லை. துண்டை விரித்துக்கொண்டு ஓடிய மேஸ்திரி, அவளைக் கட்டிக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதார். துண்டு அவருக்குத்தான் தேவைப்பட்டது.

“நாலாவதுதானேப்பா வந்தோம், இதுக்குப் போயா அழுவாங்க?” என்றாள் மகள்.

மறுநாள் விசில் பயிற்சி அட்டவணையைத் திருத்தினார். மூன்றாவது தடத்தில் இனி மேலே ஒருவர், அடியில் அவள். ஒரு தடத்தில் இரண்டு பேர் என்று ஆனதால், இடமில்லை என்று திருப்பி அனுப்பியிருந்த சின்ன வயதுப் பிள்ளைகளில் ஒருத்தியைக் கூப்பிட்டு அணியில் சேர்த்துக்கொண்டார்கள்.