ஒரே முறை கழுவிய தட்டு

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் 'கழுவல் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் கோபமே கிடையாது. கழுவுவதில் தன்னை அடிக்க ஆளில்லை என்று அவளே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வாள். கருவிலேயே நின்றுபோன சிசுக்களின் நுரையீரல் திசு, பெற்றோரின் சம்மதத்தோடு அங்கே வரும். மூன்று முறை கழுவி வெள்ளணுக்களை நீக்கிவிட்டு, மிஞ்சும் குருத்தணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களைத் தட்டில் வளர்க்க வேண்டும். "வெள்ளணு நோயோட சண்டை போடற ஆளு. வயித்துக்குள்ள என்ன சண்டை?" என்பார் ஆய்வகத் தலைவரான மேடம்.

ஆனால் ஆறு வருடமாகக் குருத்தணுக்கள் பெருகினவே தவிர, மூச்சுக்குழாய் அணுக்களாக முதிரவில்லை. அன்று ஒரு தட்டில் மட்டும் முதிர்ந்திருந்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் மூச்சுக்குழாய் அணுக்களுக்கே உரிய பொடி மயிர்கள் அசைந்தன. மேடம் குதிக்காத குறை. "புது ஊட்டக்கரைசல் வேலை செஞ்சிருக்கு!" என்று ஊருக்கெல்லாம் சொல்லக் கிளம்பிவிட்டார்.

அவள் தட்டின் மேல் எழுதியிருந்த தேதியைப் பார்த்தாள். அந்தத் தட்டை வைத்த அன்று மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. ஒரே முறை கழுவிவிட்டு ஓடிப்போயிருந்தாள். சொன்னால், அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டிய வேலை ஒப்பந்தம் கைநழுவும். சொல்லாவிட்டால், மேடம் இன்னும் ஆறு வருடம் கரைசலைக் கட்டிக்கொண்டு அழுவார்.

நேராகப் போய், ஒரே முறை கழுவியதையும், தட்டில் தங்கிவிட்ட வெள்ளணுதான் அதை முதிர வைத்திருக்கும் என்பதையும் சொல்லிவிட்டாள்.

மேடத்தின் முகம் சிவந்தது. "விதிய மீறிட்டு, அதைப் பெருமையா வேற சொல்றியா?"

"தப்பு என்னோடதுதான் மேடம். ஆனா நான் சொல்றது சரி. பத்துத் தட்டு குடுங்க. பழைய கரைசலே போதும், எல்லாத்தையும் மூணு தடவை கழுவறேன். அஞ்சுல மட்டும் நீங்களே வெள்ளணுவத் திரும்பப் போடுங்க, எதுன்னு எனக்குச் சொல்லாதீங்க. அதுவரைக்கும் என் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வேண்டாம்."

மூன்று வாரம் கழித்து, நுண்ணோக்கியிலிருந்து நிமிராமலே, மயிர் அசைந்த ஐந்து தட்டுகளின் எண்களைச் சொன்னாள். மேடம் குறிப்பேட்டைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஐந்தும் சரி. சண்டைக்காரர்கள் என்று துரத்தப்பட்ட வெள்ளணுக்கள்தான், சிசு ஒரு மூச்சு விடும் முன்பே, 'பெருகினது போதும், முதிர ஆரம்பி' என்று நுரையீரலுக்குச் சேதி சொல்லியிருக்கின்றன.

"ஆறு வருஷமா நானே கழுவி ஊத்தச் சொல்லியிருக்கேனே" என்றார் மேடம். ஒப்பந்தத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "ஒரு நம்பர் தப்பாப் போயிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"வேலைய விட்டுட்டுப் போயிருப்பேன் மேடம். போறதுக்கு முன்னாடி இன்னும் பத்துத் தட்டு கேட்டிருப்பேன்."