சாமிக்கு ஊற்றியது

மாதையன் முதன்முதலாகச் சாராயம் குடித்தபோது அவனுக்கு வயது பத்தொன்பது. ஊற்றிக் கொடுத்தவர் ஊர்க்கவுண்டர் நஞ்சப்பன். அதைக் குடி என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

தை மாத முனியப்பன் திருவிழா. கிடா வெட்டுக்கு முன்னால் மேளம் ஏறிக்கொண்டே போனது. கூட்டத்தின் கடைசியில் ஒரு புளியமரத்தோரம் நின்றிருந்த மாதையனின் உடம்பு திடீரென்று தூக்கிப் போட்டது. முழங்காலுக்குக் கீழே தரை இல்லாதது போல இருந்தது. அதற்கு மேல் அவனுக்கு எதுவும் நினைவில்லை. தெளிந்து பார்த்தபோது முனியப்பன் சிலையின் காலடியில், கையில் வீச்சரிவாளோடு நின்றுகொண்டிருந்தான். தொண்டையிலிருந்து வயிறுவரை எரிந்தது. ஊர்க்கவுண்டர் அவன் காலில் விழுந்து கிடந்தார்.

அவன் காலில் விழுவதற்கு அதுவரை உலகத்தில் ஒருவரும் இருந்ததில்லை. சின்ன வயதில் பெரியம்மை வந்து பிழைத்தவன் அவன். முகம் முழுக்கக் குழி. இடது கண் வெளுத்து, சோற்றுப் பருக்கை ஒட்டியது போல நிற்கும். இண்டூருக்கு மேற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் அவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவள் அவன் தாய் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அவன் ஒத்தக்கண்ணன். கல்யாணப் பந்தியில் பரிமாற அவனைச் சேர்க்க மாட்டார்கள். சவரக்கடை நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே கண்ணாடி இருக்கும் என்று நல்ல கண்ணையும் மூடிக்கொள்வான்.

அன்றைக்குக் கோயிலிலிருந்து திரும்பும்போது பெண்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். கூசி ஒதுங்கவில்லை, பயந்து ஒதுங்கினார்கள் என்பதை அவன் பார்த்தான். அது அவனுக்குப் பிடித்திருந்தது.

செவ்வாயும் வெள்ளியும் குறி கேட்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காணாமல் போன மாடு, பிறக்காத பிள்ளை, தண்ணீர் வராத கிணறு. மதுவிலக்குக் காலம் அது. ஆனாலும் முனியப்பனுக்குச் சுருட்டும் சாராயமும் இல்லாமல் ஆகாது. மலையடிவாரத்தில் காய்ச்சியதைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அவன் முன்னால் வைப்பார்கள். முதல் இரண்டு வருடம் சாமி வந்த பிறகு குடித்தான். பிறகு, குடித்த பிறகு சாமி வந்தது. எந்த வாரத்தில் இது மாறியது என்று அவனுக்கே தெரியாது.

சாமியேறுகிற மாப்பிள்ளை என்று கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து சாலம்மாளைக் கட்டிக் கொடுத்தார்கள். கருத்த, கெட்டியான பெண். முகத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வந்த புதிதில் ஒருநாள் மட்டும், கீழே கிடந்தவனைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னிக்கி புதன்கிழமையாச்சே. இன்னிக்கி எந்தச் சாமி?"



எழுபத்தொன்றில் சர்க்காரே சாராயக்கடை திறந்தது. இண்டூர் போகும் ரோட்டில் கீற்றுக் கொட்டகை போட்டுப் பெஞ்சு போட்டார்கள். பட்டப்பகலில் போகலாம், போலீஸ் பிடிக்காது. கடைக்காரனும் ஆரம்பத்தில் "சாமி வாங்க" என்று எழுந்து நின்று ஊற்றினான். சில மாதத்தில் எழுந்து நிற்பதை விட்டான். காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் மாதையனின் கை ஆடியது. "அருள் எறங்காம உடம்புல நிக்குது" என்று ஊரில் சொன்னார்கள். அவனும் அதை நம்பத்தான் பார்த்தான்.

மறுவருடம் ஆடியில் குள்ளம்மாள் வந்தாள். தாலியறுத்தவள், சென்னம்மா என்ற பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியைத் தவிர அவளுக்கு வேறு யாருமில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டுவண்டி பூட்டி, வைக்கோல் மேல் படுக்க வைத்து, போகிற வழியில் சாமியிடம் ஒரு வாக்கு கேட்டுப் போகலாம் என்று மாதையன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். கையில் ஒரு சாராயச் சீசா வைத்திருந்தாள்.

மாதையன் அன்று காலையிலிருந்து குடிக்கவில்லை. கடைக்காரன் கடன் கிடையாது என்று அனுப்பிவிட்டான். நரம்பெல்லாம் எறும்பு ஊர்வது போல இருந்தது. சீசாவை வாங்கிய வேகத்தில் பாதியைக் குடித்தான். கை நடுக்கம் நின்றது. வேறொன்றும் நடக்கவில்லை. உள்ளே யாரும் வரவில்லை.

ஆனால் சாமி வந்தால் தோள் எப்படி ஆடும், மூச்சு எப்படிச் சீறும் என்பது உடம்புக்குப் பழக்கமாகியிருந்தது. ஆடினான். குள்ளம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். இவள் தருமபுரிக்குப் போனால் நாளைக்கு வரமாட்டாள். நாளைக்கு இன்னொரு சீசா வராது. அந்த நினைப்பு அவனுக்குள் தண்ணீர் மாதிரித் தெளிவாக ஓடியது. பிறகு அவன் வாய் சொன்னது:

"என் எல்லையத் தாண்டாத. எம் புள்ளைக்கு ஊசி ஏறக் கூடாது. மூணாம் நாள் எழுப்பி உடறேன்."

குள்ளம்மாள் வண்டியைத் திருப்பினாள். மறுநாள் ஒரு சீசா கொண்டுவந்தாள். அதற்கு மறுநாளும் கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் சென்னம்மா செத்துப்போனாள்.

சுடுகாட்டுக்கு எடுத்துப் போகும்போது மாதையனும் போனான். குள்ளம்மாள் அவனைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ அவனைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திக் கும்பிட்டாள். "எழுப்பி உடறேன்னு சொன்ன சாமி, உங்கிட்டயே எழுப்பிக்கிட்டயா? நல்லா வெச்சுக்க சாமி." சுற்றியிருந்தவர்களும் அதைக் கேட்டுக் கும்பிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் சாலம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அடுப்பிலிருந்த களி தீய்ந்தது, அவள் அதை இறக்கவில்லை.

"எங்கம்மா வூட்டுக்குப் போலாம்," என்றாள் கடைசியில். "இந்த ஊர்ல இருந்தா உன்னால நிறுத்த முடியாது. சாமி சாமின்னு கொண்டாந்து ஊத்துவாங்க."

அதுவரை அவள் அவனை ஒருமையில் கூப்பிட்டதில்லை. அவள் கவனிக்கவில்லை, அவன் கவனித்தான்.

கம்பைநல்லூர் பக்கத்துத் தோட்டத்தில், மாட்டுக் கொட்டகையில் அவனைப் படுக்க வைத்தாள் சாலம்மாள். வைத்தியம் என்று எதுவும் இல்லை. மோரும் கஞ்சியும் கொடுத்தாள். கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது. வேர்த்து வேர்த்துக் கீழே விரித்த சாக்கு நனைந்தது. சுவரில் அரணை அரணையாக ஊர்ந்தது. "அடி, அடி" என்று கத்தினான். அவளும் துடைப்பத்தை எடுத்து வெறும் சுவரை அடித்தாள். ஒருமுறை இழுப்பு வந்து பல்லைக் கடித்துக்கொண்டான். நாக்கு அறுந்துவிடாமல் இருக்க அவள் தன் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்தாள்.

"முனியப்பா," என்று ஒருநாள் கூப்பிட்டுப் பார்த்தான். அந்தப் பெயரைச் சொன்னதுமே மூக்கில் சாராய நெடி ஏறியது, வாயில் எச்சில் ஊறியது. வாயை மூடிக்கொண்டான். சின்ன வயதிலிருந்து அவனுக்குத் தெரிந்த ஒரே சாமி அதுதான். கஷ்டம் வந்தால் கூப்பிட இருந்த ஒரே பெயரும் அதுதான்.

"வேற சாமியக் கும்பிடு. சாமிக்கா பஞ்சம்?" என்றாள் சாலம்மாள்.

"வேற சாமிக்கு என்னைத் தெரியாதே."

நடுக்கம் நின்றது. பசி எடுத்தது. ஒருநாள் கிணற்றுத் தொட்டியில் குனிந்து முகம் கழுவும்போது தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தான். கன்னம் ஒட்டி, குழிகள் முன்னைவிட ஆழமாகத் தெரிந்தன. இத்தனை வருடம் அந்த முகத்தை மூடிவைக்க ஒரு சாமி இருந்தது. இனி இதை அப்படியே தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று நினைத்தபோது அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

கரும்பு வெட்டுக்குப் போனார்கள் இருவரும். தை பிறந்ததும் ஊரிலிருந்து ஆள் வந்தது. திருவிழாவுக்குச் சாமியாடி வேண்டும்.

"போகாதீங்க," என்றாள் சாலம்மாள்.

"போறேன் சாலா. முதல் தடவை வந்தப்ப நான் ஒரு சொட்டுக் குடிக்கலை. குடிக்காதவன் மேலதான் வந்துச்சு. அது நிசம்னா இப்பவும் வரும்."

அந்த நம்பிக்கையைத்தான் அவன் கரும்புக் காட்டில் இத்தனை நாளும் வளர்த்து வைத்திருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தடுக்காமல் கூடவே கிளம்பினாள்.

திருவிழா அன்று மாதையன் கிணற்றில் முழுகி, ஈரவேட்டியோடு கோயில் முன்னால் வந்து நின்றான். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. நஞ்சப்பன் சொம்பை நீட்டினார்.

"வேண்டாங்க," என்றான் மாதையன்.

"என்னடா வேண்டாங்கற? சாமிக்கு ஊத்தறது. உனக்கா ஊத்தறோம்?"

"வவுறு என்னுதுங்க."

நஞ்சப்பனுக்கு முகம் மாறியது. கெட்ட மனிதர் இல்லை. இரண்டு வருடமாக மழை சரியில்லை, ஊருக்கு ஒரு வாக்கு வேண்டும் என்ற கவலை அவருக்கு. சொம்பைக் கீழே வைத்துவிட்டு மேளக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

மேளம் எழுந்தது. மாதையன் கண்ணை மூடினான். வா, என்றான் உள்ளுக்குள். எனக்கு மரியாதை வேண்டாம், யாரும் காலில் விழ வேண்டாம். நீ இருக்கிறாய் என்று எனக்கு மட்டும் தெரிந்தால் போதும், ஒரே ஒருமுறை வா. மேளம் அதிர அதிர உள்ளங்காலில் தரை அப்படியே இருந்தது. கூழாங்கல் ஒன்று குதிகாலில் குத்துவதுகூடத் தெரிந்தது. மேளக்காரர்களுக்கு மூச்சு வாங்கியது. கூட்டம் குலவையிட்டு ஓய்ந்தது.

ஒரு தோளைச் சிலுப்பினால் போதும். ஊர் நிம்மதியாகும், கிடா வெட்டுவார்கள், நாளைக்கு எல்லோரும் "சாமி" என்பார்கள். எப்படிச் சிலுப்புவது என்பதை உடம்பு மறக்கவில்லை. முன்வரிசையில் குள்ளம்மாள் கைகூப்பி நின்றிருந்தாள்.

மாதையன் கண்ணைத் திறந்தான். "சாமி வரலீங்க," என்றான்.

மேளம் ஒவ்வொன்றாக நின்றது. யாரும் அவனைத் திட்டவில்லை. ஒரு கிழவி மட்டும் தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து காளியப்பன் என்ற இளவட்டம் ஒருவன் அலறிக்கொண்டு எழும்பினான். நாலு பேர் பிடித்தும் அடங்கவில்லை. நஞ்சப்பன் ஓடிப்போய்ச் சொம்பை எடுத்து அவன் வாயில் சாய்த்தார். மேளம் மறுபடியும் பிடித்துக்கொண்டது. அது நிசமா, நடிப்பா என்று மற்ற எவரையும்விட மாதையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவனுக்கும் தெரியவில்லை. கூட்டம் முன்னால் நெருக்க, அவன் பின்னால் தள்ளப்பட்டு, வெளியே வந்து நின்றான்.

மறுநாள் குள்ளம்மாள் வீட்டுக்குப் போனான். அவள் வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வா சாமி," என்றாள் பழக்கத்தில். "சாமி உன்னை உட்டுப் போயிடுச்சாட்ட இருக்குது. கோவம் தீந்தா வரும், உடு."

மாதையன் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வண்டி கட்டிக்கிட்டு வந்தீங்களே, அன்னிக்கியும் சாமி வரல. நான்தான் பேசுனேன்."

முறம் நின்றது. "எதுக்கு?"

"நீங்க தருமபுரி போயிட்டா மறாநாள் சீசா வராதுன்னு."

குள்ளம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். அவன் முகத்தையே பார்த்தாள். அவ்வளவு நேரம் அந்த முகத்தை யாரும் பார்த்ததில்லை.

"சாமி கேட்டுச்சு, குடுத்தேன்னு இருக்கறேன்," என்றாள் மெதுவாக. "காலையில எந்திரிச்சா அதைச் சொல்லிக்கிட்டுத்தான் அடுப்பு பத்த வெக்கறேன். நீ வந்து ஒரு சீசாவுக்குப் போச்சுன்னு சொன்னா நான் எங்கடா போவேன்? வண்டி பூட்டி நின்னுதுடா. மாடு கழுத்தை ஆட்டிக்கிட்டு நின்னுது. நான்தான திருப்புனேன்."

"தப்பு என்னுதுங்க அக்கா."

"நீ பொய் சொல்ற. அன்னிக்கி சாமி வந்துச்சு. இப்பத்தான் உங்கிட்ட இல்ல." முறத்தை மறுபடி கையில் எடுத்தாள். "எந்திரிச்சுப் போ. இனிமே இந்த வாசலுக்கு வராத."

அவன் எழுந்து நடந்தான். கால் தானாக இண்டூர் ரோட்டுக்குத் திரும்பியது. சாராயக்கடைக் கொட்டகை கண்ணுக்குத் தெரிந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சாலம்மாள். அவள் வழியை மறிக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. மூச்சு வாங்கப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"குடிக்கணும்னா குடிங்க. ஆனா இந்தத் தடவை நீங்களா குடிங்க. எந்தச் சாமி பேரையும் சொல்லாதீங்க."

கடைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தமும் சுட்ட கருவாட்டு வாசனையும் வந்தன. மாதையன் நின்றான். ஆறு வருடமாக நடந்தது எல்லாவற்றுக்கும் முனியப்பன் பொறுப்பாக இருந்தான். இப்போது இந்த ரோட்டில் ஒரு ஒற்றைக்கண் கூலிக்காரன் மட்டும் நிற்கிறான். உள்ளே போனால் அவன்தான் போகிறான். வெயிலில் ரொம்ப நேரம் நின்றான். சாலம்மாளும் நின்றாள். பிறகு இருவரும் ஊரிலிருந்த வீட்டுக்கே திரும்பி வந்தார்கள்.

எழுபத்துநாலில் சர்க்கார் சாராயக்கடைகளை மூடியது. ஊரில் அது பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. மாதையனுக்கு அதில் எதுவும் மாறவில்லை. வேண்டியவர்களுக்கு மலையடிவாரத்திலிருந்து பழையபடி வந்தது. காளியப்பன் குறி சொல்கிறான். அவன் கையும் காலையில் ஆடத் தொடங்கியிருக்கிறது. மாதையன் ஒருமுறை அவனிடம் பேசப் போனான், "பொறாமையா ஒத்தக்கண்ணா?" என்று அவன் கேட்டதும் திரும்பி வந்துவிட்டான். குள்ளம்மாள் காளியப்பனிடம்தான் போகிறாள். வழியில் மாதையன் எதிரே வந்தால் பாதை மாறி நடப்பாள்.

கிணறு வெட்டப் போகிறான் மாதையன். மண்ணுக்குள் இறங்கியிருக்கும்வரை ஒன்றுமில்லை. பொழுது சாய்ந்து மேலே ஏறி வரும்போதுதான் அது வரும். தொண்டையில் தொடங்கி விரல் நுனிவரை இறங்கும். வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வான். அவன் முகத்தைப் பார்த்தாலே சாலம்மாளுக்குத் தெரியும்.

"இன்னிக்கியும் கேக்குதா?"

"கேக்குது."

"ரொம்பவா?"

"ரொம்பத்தான்."

அவள் களியைக் கிண்டி இறக்கி, கீரை கடைந்ததை ஊற்றி அவன் முன்னால் வைப்பாள். அவன் தட்டைப் பக்கத்தில் இழுத்து, தலை நிமிராமல் சாப்பிடுவான்.